பத்துக்கு எத்தனை

"காலில் உணர்ச்சி போனது அவங்களுக்கே தெரியாதா, சிஸ்டர்?"

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்தொன்று. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே பழகியவர். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற பிறகுதான் பதிலுக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

பதில் சொல்ல வேண்டியவர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஓர் ஊரின் சிறிய தர்ம ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் நர்ஸ்.

"மணி என்ன, சார்?" என்றார் ஜெசிந்தா.

ஆவுடையப்பன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கடிகாரம் இல்லை.

"கை கழுவும்போது கழட்டி வச்சீங்க. எட்டரைக்கு." ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். "இப்ப பதினொண்ணு."

"கவனிக்கவே இல்லையே."

"நான் கேக்கலைன்னா?"

ஆவுடையப்பன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் அங்கே வந்து சேர்ந்தது சேவை மனப்பான்மையால் மட்டும் அல்ல. ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே அவர் மனைவி, "எங்கயாவது போயி நாலு பேருக்கு உபயோகமா இருங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அந்த வீட்டில் சட்டை மடிப்பதற்கும் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. வியாழக்கிழமைதோறும் வந்து பெயர் எழுதி டோக்கன் கொடுத்தால் போதும், கால் பரிசோதனையையும் கற்றுத் தருகிறோம் என்றார்கள்.

முதல் வாரம் ஜெசிந்தா ஒரு முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முக்காலி மிகவும் தாழ்வு. கட்டிலில் இருப்பவரின் பாதம் நேராக முகத்துக்கு எதிரே வந்தது.

"கொஞ்சம் உயரமா நாற்காலி இல்லையா?"

"இருக்கு. அதுல உக்காந்தா பாதம் தெரியாது."

ஆவுடையப்பன் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் காதுவரை வந்தது. பழைய மாணவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் ஜெசிந்தா அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார். கையில் ஒரு பேனா அளவுக்குக் கைப்பிடி. அதன் நுனியில், தூண்டிலில் கட்டும் தங்கூஸ் போல ஒரு நைலான் இழை.

"இதைப் பாதத்துல வச்சு, இழை வளையற அளவுக்கு அழுத்தணும். அதுக்கு மேல அழுத்தக் கூடாது. ஒரு காலுக்குப் பத்து இடம். கண்ணை மூடிக்கிடுங்க. பட்டா மட்டும் சொல்லுங்க."

கண்ணை மூடினார். "படுது" என்றார். சிறிது கழித்து மறுபடி "படுது" என்றார். இப்படி ஏழு முறை.

"ஏழு தடவை சொன்னீங்க சார். நான் நாலு தடவைதான் வச்சேன்."

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. "பொய் சொல்லணும்னு நினைக்கல, சிஸ்டர். பட்ட மாதிரிதான் இருந்தது."

"யாரும் நினைக்கிறதில்ல சார்."

ஆறு வாரம் ஆயிற்று. இடங்கள் பத்தும் மனப்பாடம். எந்த இடத்தை எப்போது தொடுவது என்று ஒரே தாளத்தில் போகாமல் மாற்றி மாற்றித் தொடவும் பழகிவிட்டார், ஆனால் எல்லாம் ஜெசிந்தாவின் காலிலும் வாட்ச்மேனின் காலிலும்தான். நோயாளியின் காலை ஜெசிந்தா இன்னும் அவரிடம் தரவில்லை. கேட்டால், "ஆகட்டும் சார், ஒரு காலு வரும்" என்பார்.

ஏழாவது வியாழக்கிழமை நல்ல கூட்டம். வராந்தா பெஞ்சில் இடமில்லை. ஆவுடையப்பன் பெஞ்சின் ஒரு முனையில் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பெயர் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே யாரும் செருப்புப் போடக் கூடாது என்பதால் அவரும் வெறுங்காலோடு இருந்தார்.

ஓர் உப்பளத் தொழிலாளி தன் மனைவியோடு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் முத்துமாலை என்று சொல்லி டோக்கன் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். உட்காரும்போது அவருடைய வலது கால் ஆவுடையப்பனின் இடது பாதத்தின் மேல் ஏறியது.

ஏறிய கால் இறங்கவில்லை.

நம் ஊரில் கால் பட்டால் என்ன செய்வோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் நெரிசலில்கூட, பட்டவரைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுத்த வார்த்தை. ஆவுடையப்பன் அதற்காகத்தான் காத்திருந்தார். முத்துமாலையோ தன் மனைவி இசக்கியம்மாளிடம், திரும்பிப் போக மூன்றரை மணிக்குத்தான் பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பேறி வெளுத்த அந்தக் கால் ஆவுடையப்பனின் பாதத்தின் மேல் சாவகாசமாக இருந்தது.

ஆவுடையப்பன் தன் காலை வெடுக்கென்று உருவிக்கொண்டார். அதற்கும் அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

முத்துமாலை திரும்பினார். "என்னய்யா?"

"இவ்வளவு நேரம் என் காலை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"நானா? இல்லியே அய்யா."

"இத்தனை பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க. பொய் வேறயா?"

"நான் மிதிக்கலய்யா."

வராந்தாவில் பேச்சு அடங்கியது. அந்த அமைதி ஆவுடையப்பனுக்குப் பழக்கமானது. வகுப்பறையில் அது வந்தால் அவருடைய குரல் தானாக ஏறும். அன்றும் ஏறியது.

"பெரியவங்க காலை மிதிச்சா தொட்டுக் கும்பிடணும்னு உங்க வீட்டுல சொல்லித் தரலையா? மிதிச்சதும் இல்லாம இல்லைன்னு வேற சொல்லுதீங்க. கொஞ்சமாவது சொரணை வேண்டாமா மனுசனுக்கு?"

எதிர் பெஞ்சில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "நானும் பாத்தேன். மிதிச்சுட்டு இல்லைங்காரு" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

இசக்கியம்மாள் எழுந்து வந்து குனிந்து, ஆவுடையப்பனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெரியாம மிதிச்சிட்டாவ. மனசுல வச்சுக்கிடாதீங்க சார்."

முத்துமாலையின் முகம் கறுத்துவிட்டது. தான் சொன்னதை மனைவியும் நம்பவில்லை என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். டோக்கனை பெஞ்சில் வைத்தார்.

"ஏளா, வா. போவோம்."

"சர்க்கரை இருந்தா காலைக் காட்டணும்னு சொல்லியிருக்காவல்லா, காட்டிட்டுப் போவோம். அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கோம்."

"வான்னு சொல்லுதேன்லா."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். ஆவுடையப்பன் ரிஜிஸ்டரில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரை எழுதினார். தான் செய்தது சரிதான் என்ற திருப்தி அவருக்கு இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து ஜெசிந்தா வெளியே வந்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயெடுத்தவர் ஆவுடையப்பனின் காலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உங்க கால்ல என்ன சார்?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். இடது பாதத்தின் மேல் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரமாக ஒரு கறை. நீரும் இரத்தமும் கலந்தது.

"அடிபட்டுச்சா?"

"இல்லையே."

ஜெசிந்தா பஞ்சை நனைத்துத் துடைத்தார். கறை போனது. அடியில் கீறல் எதுவும் இல்லை.

"உங்க ரத்தம் இல்ல இது" என்றார்.

ஆவுடையப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். பெஞ்சுக்குக் கீழே சிமெண்டுத் தரையிலும் அதே கறை சிறியதாக ஒன்று இருந்தது. படிக்கட்டுப் பக்கம் இன்னொன்று.

"ஒருத்தர் மிதிச்சார்" என்றார் மெதுவாக.

"அழுத்தியா?"

"நல்லா அழுத்தி. கொஞ்ச நேரம்."

"மிதிக்கும்போது முகத்தைச் சுளிச்சாரா?"

"இல்ல. பஸ்ஸைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார்."

ஜெசிந்தா எழுந்து நின்றார். "புண்ணை வச்சு மிதிச்சிருக்காரு. எங்க அவரு?"

ஆவுடையப்பன் சொன்னார். தான் என்ன பேசினார் என்பதையும் சொன்னார். முழுவதும் சொல்லவில்லை. 'சொரணை' என்ற இடம் வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிப் போய்விட்டார். எதிர் பெஞ்சுப் பெண் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஜெசிந்தா பஞ்சைக் கூடையில் போட்டார். திட்டியிருந்தால் ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"பஸ் மூணரைக்குத்தான்" என்றார் ஜெசிந்தா. "நிறுத்தத்துல இருப்பாங்க. போயிக் கூட்டிட்டு வாங்க சார். இப்படியே விட்டா நாளைக்கு இந்தப் புண்ணோட உப்பளத்துல இறங்கிருவாரு. அப்புறம் வரும்போது காலை எடுக்க வேண்டியிருக்கும்."

ஆவுடையப்பன் எழுந்தார். இரண்டு படி இறங்கினார். நின்றார்.

"நீங்க போங்க சிஸ்டர். என் முகத்தைப் பாத்தா வர மாட்டாரு."

ஜெசிந்தா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தானே இறங்கிப் போனார்.

அரை மணி நேரம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஆவுடையப்பன் எத்தனையோ பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார். அவர்கள் அந்த நேரத்தை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று அன்றுதான் யோசித்தார். ரிஜிஸ்டரில் அடித்த பெயரின் மேல் மறுபடி 'முத்துமாலை' என்று எழுதினார். அடித்த கோடு கீழே தெரிந்துகொண்டே இருந்தது.

ஜெசிந்தா அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். முத்துமாலை யாரையும் பார்க்காமல் வராந்தாவைக் கடந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருவர், "பாத்து நடங்கய்யா" என்று கேலியாகச் சொன்னார்.

ஆவுடையப்பன் ரிஜிஸ்டருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சார், உள்ள வாங்க" என்றார் ஜெசிந்தா.

உள்ளே முத்துமாலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா கைப்பிடியோடு நைலான் இழையை எடுத்து ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"இவருக்கு நீங்க பாருங்க."

"சிஸ்டர், நான் இன்னும்..."

"கத்துக்கிட்டீங்கல்லா."

முத்துமாலை ஜெசிந்தாவைப் பார்த்தார். "இந்த சாரா?"

"ஆமா. நல்லாப் பாப்பாரு."

முத்துமாலை காலை நீட்டினார். ஆவுடையப்பன் முக்காலியில் உட்கார்ந்தார். அன்று அது உயரம் குறைவாகத் தோன்றவில்லை. இன்னும் தாழ்வாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வலது பெருவிரலுக்கு அடியில், பாதத்தின் மேட்டில் புண். ஒரு சுண்டுவிரல் நுனி உள்ளே போகும் ஆழம். சுற்றிலும் தடித்த வெள்ளைத் தோல்.

"இது எத்தனை நாளா இருக்கு?" ஆவுடையப்பனின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எது?" என்றார் முத்துமாலை.

இசக்கியம்மாள் குனிந்து பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"காலு வெடிக்கும், தண்ணி வரும், சரியாப் போவும்" என்றார் முத்துமாலை. "இருவத்தெட்டு வருசமா அளத்துல நிக்கேன். மொதல்ல எல்லாம் வெடிப்புல உப்புத்தண்ணி பட்டா உசிரு போவும். இப்ப ரெண்டு வருசமா எரிச்சலே கிடையாது. காலு பழகிட்டுன்னு நெனச்சேன்."

"கூட வேலை பாக்கவங்ககிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிவாவ" என்றாள் இசக்கியம்மாள்.

ஆவுடையப்பன் முதலில் முத்துமாலையின் முன்கையில் இழையை வைத்துக் காட்டினார். "இப்படித்தான் இருக்கும். பட்டா 'படுது'ன்னு சொல்லுங்க. கண்ணை மூடிக்கிடுங்க."

முத்துமாலை கண்ணை மூடினார்.

பெருவிரல் நுனி. இழை வளைந்தது. பதில் இல்லை. நடுவிரல். சுண்டுவிரல். புண்ணை ஒதுக்கி அதற்குப் பக்கத்தில். பாதத்தின் நடுவில். ஒவ்வொரு முறையும் இழை வளைந்து நிமிர்ந்தது. முத்துமாலை தலையைச் சற்றுச் சாய்த்து, கவனமாக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தார். குதிகாலையும் தொட்டாயிற்று.

"இன்னும் ஆரம்பிக்கலியா அய்யா?" என்றார்.

ஆவுடையப்பன் அப்போது ஒன்பதாவது இடத்துக்கு வந்திருந்தார்.

"படுதுன்னு சொல்லுங்களேன்" என்றாள் இசக்கியம்மாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "அதான் வைக்காவல்லா, சொல்லுங்களேன்."

ஜெசிந்தா அவள் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். "டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வருவோம், வாங்கக்கா."

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். ஆவுடையப்பன் இடது காலையும் பார்த்தார். ஒவ்வொரு இடமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் பார்த்தார். அதிலும் பதில் இல்லை.

"கண்ணைத் திறக்கலாமா?" என்றார் முத்துமாலை.

"ஒரு நிமிசம்."

வெட்கம் ஆவுடையப்பனைப் பிடுங்கித் தின்றது. சற்று முன் வராந்தாவில் தன் காலடியில் குனிந்த அந்தப் பெண்ணின் முதுகு நினைவுக்கு வந்தது. இழையைக் கீழே வைத்தார். இரண்டு கை விரல்களாலும் முத்துமாலையின் இரண்டு பாதங்களையும் மெல்லத் தொட்டார். விரல்களைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒருமுறை போதவில்லை. மூன்று முறை ஒற்றிக்கொண்டார்.

பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திறக்கலாம்" என்றார்.

டாக்டர் வந்து புண்ணைப் பார்த்தார். எலும்பு வரை போகவில்லை, நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார். ஜெசிந்தா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். அளத்துக்குப் போகக் கூடாது, வலது காலை ஊன்றவே கூடாது, மூன்று நாளைக்கு ஒருமுறை வர வேண்டும் என்று டாக்டர் இசக்கியம்மாளிடம் இரண்டு முறை சொன்னார். அவர்கள் மருந்துக்காக வராந்தாவுக்குப் போனார்கள்.

ஆவுடையப்பன் கை கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். அவர் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"மனசு இப்பத்தான் சிஸ்டர் லேசாச்சு."

"அப்படியா?"

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

ஜெசிந்தா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "எப்ப?"

"நீங்க வெளிய போயிருந்தப்ப. ரெண்டு காலையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். மூணு தடவை."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணை மூடியிருந்தாரு."

ஜெசிந்தா மேசையிலிருந்து முத்துமாலையின் அட்டையை எடுத்தார். பத்து இடங்களுக்கும் வட்டம் போட்ட இரண்டு பாதங்களின் படம் அதில் இருந்தது. வட்டங்கள் காலியாக இருந்தன. பேனாவையும் அட்டையையும் ஆவுடையப்பனிடம் நகர்த்தினார்.

"நீங்க பாத்த காலு. நீங்கதான் எழுதணும். வலது காலுல பத்துக்கு எத்தனை சார்?"

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்தார். பூஜ்யம் போட்டார்.

"இடது காலுல?"

பேனா அட்டையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்திருந்த முகம் மறுபடி வெளிறியது.

வராந்தாவில் யாரோ முத்துமாலையிடம், "இப்பவாச்சும் ஒத்துக்கிட்டீரா, மிதிச்சேன்னு?" என்று கேட்பதும், இரண்டு மூன்று பேர் சிரிப்பதும் கேட்டது.

ஆவுடையப்பன் இன்னொரு பூஜ்யம் போட்டார்.

ஜெசிந்தா அட்டையை வாங்கி வைத்துவிட்டு, கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும், சார்."